பி ஃப்ளாட் குழல் வாங்கப் போகிறேன்: மரமா, டெல்ரினா?

ஆறுதுளை:

எல்லோருக்கும் வணக்கம். நான்கு வருடமாக டி குழல் வாசிக்கிறேன். துளையை மூடித் திறக்கும் உலோகச் சாவி எதுவும் இல்லாத, ஆறு துளை ஐரிஷ் மரக்குழல். இப்போது பி ஃப்ளாட்டில் இன்னொன்று வாங்கலாம் என்று இருக்கிறேன்.

காரணம் என் தங்கை. அவள் பாடுவது ஆறரைக் கட்டையில். என் டி குழலுக்காக அவளை ஏற்றிப் பாடச் சொன்னால் குரல் கீச்சிடுகிறது. இறக்கினால் குரலே காணாமல் போகிறது. அவளை ஏன் வதைக்க வேண்டும், குழலை மாற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன். ஆறரைக் கட்டை என்றால் பி ஃப்ளாட். விரல் பழக்கம் எல்லாம் அப்படியே இருக்கும், சுருதி மட்டும் இறங்கும்.

டி குழல் என்றால் எங்கும் கிடைக்கிறது, நாலு பேரிடம் வாங்கி ஊதிப் பார்க்கலாம். பி ஃப்ளாட்டை நேரில் வைத்திருப்பவர் எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை. செய்து தருபவர்கள் இரண்டு பேரிடம் விசாரித்தேன். ஒருவர் பிளாக்வுட் மரத்தில் செய்வார், இன்னொருவர் டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில். இரண்டையும் ஊதிப் பார்க்காமல்தான் வாங்க வேண்டும். மாதத்துக்கு இரண்டு மூன்று தடவைதான் இதை எடுப்பேன், மற்ற நாட்களில் டி தான்.

மரத்தின் நாதம் பிளாஸ்டிக்கில் வருமா? இதைத்தான் கேட்க வந்தேன்.


சாரல்:

ஈ ஃப்ளாட் ஒன்று டெல்ரினில் வைத்திருக்கிறேன். மழையில் நனைந்திருக்கிறது, வெயிலில் கிடந்திருக்கிறது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஈ ஃப்ளாட் டி-யை விடக் குட்டை, விரலுக்குச் சுகம். அதை வைத்து பி ஃப்ளாட்டைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கீழ்ஸ்தாயி அக்கா வரட்டும்.


ஒலிஅளவை:

நாதத்தைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அது சுலபம்.

1971ல் ஜான் கோல்ட்மன் என்ற இயற்பியலாளர் மூன்று குழல்கள் செய்தார். ஒன்று மெல்லிய வெள்ளி, ஒன்று கனமான செம்பு, ஒன்று மரம். மூன்றுக்கும் உள் அளவு ஒன்றே. மூன்றையும் மறைவாக வாசித்துக் காட்டியபோது கேட்டவர்களால் எது எது என்று பிரிக்க முடியவில்லை. வாசிப்பவர்களிடம் எது என்று தெரியாதபடி கொடுத்தபோது அவர்களாலும் முடியவில்லை. குழலில் அதிர்வது காற்றுத் தம்பம். சுவர் அதை அடைத்து வைத்திருக்கும் வேலையைத்தான் செய்கிறது. வீணைக் குடம் போல அது தானே அதிர்ந்து ஒலி தருவதில்லை.

ஆனால் இதை வைத்து "எல்லாக் குழலும் ஒன்றுதான்" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வாய்த்துளையின் விளிம்பு எவ்வளவு கூர்மை, உள்குழாய் எவ்வளவு வழவழப்பு, துளையின் உள்பக்க ஓரம் எப்படி வழிக்கப்பட்டிருக்கிறது, இவை எல்லாம் நாதத்தை நன்றாகவே மாற்றும். இந்த வேலைகளை மரத்தில் ஒருவிதமாகவும் டெல்ரினில் ஒருவிதமாகவும்தான் செய்ய முடிகிறது. அதனால் நமக்குக் கேட்கிற வித்தியாசத்தில் பெரும்பங்கு செய்தவரின் கை.


மரத்தூள்:

ஒலிஅளவை சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஒன்று சேர்க்க வேண்டும். நான் பொழுதுபோக்காகக் கடைசல் செய்பவன், இரண்டையும் கடைந்திருக்கிறேன். கேட்பவருக்கு வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம். உதட்டுக்கு இருக்கிறது. எண்ணெய் ஊறிய மரம் மோவாயில் லேசாக ஒட்டி நிற்கும். டெல்ரின் வியர்வை பட்டதும் வழுக்கும். குழல் அரை மில்லிமீட்டர் உருண்டால் போதும், கீழ் நோட்டு கலைந்துவிடும். டெல்ரின் வைத்திருப்பவர்கள் பலர் மோவாய் படும் இடத்தை மட்டும் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பைப் போக்கிவிடுகிறார்கள். வாய்த்துளை விளிம்பைத் தொடாமல் செய்ய வேண்டும், அதில் ஒரு கீறல் விழுந்தால் அதோடு போச்சு.

எடையையும் பாருங்கள். பிளாஸ்டிக் என்றால் லேசு என்று நினைப்போம். டெல்ரினின் அடர்த்தி சுமார் 1.4, பிளாக்வுட் 1.2 பக்கம், பாக்ஸ்வுட் ஒன்றுக்குச் சற்று முன்பின். ஒரே அளவில் செய்தால் டெல்ரின்தான் கனம். டி-யில் இது தெரியாது. பி ஃப்ளாட் நீளத்தில் இடது ஆள்காட்டி விரலின் அடிப்பக்கத்தில் தெரியும்.

அப்புறம், பிளாக்வுட்டை நம் ஆட்கள் கருங்காலி என்று மொழிபெயர்க்கிறார்கள். கருங்காலி வேறு குடும்பம். இந்த ஆப்பிரிக்க மரம் நம் தோதகத்தியின் சொந்தக்காரன், டால்பெர்ஜியா இனம். கறுப்பாக இருப்பதால் வந்த குழப்பம்.


கீழ்ஸ்தாயி:

வந்துவிட்டேன் சாரல்.

தம்பி, நான் ஒன்பது வருடமாக பி ஃப்ளாட் வாசிக்கிறேன். முதலில் மரம், இப்போது டெல்ரின். மரக்குழலை ஏன் விட்டேன் என்று சொல்கிறேன், அதில் உங்களுக்கு வேண்டிய பதில் இருக்கிறது.

அது பிளாக்வுட். தலைப்பகுதிக்குள் உலோகக் குழாய் செருகி, சுருதி சேர்க்க இழுத்து நீட்டும் அமைப்பு. வாங்கிய முதல் மாதம் சொன்னபடி செய்தேன்: நாளைக்குப் பத்து நிமிஷம், பிறகு பதினைந்து, வாசித்து முடித்ததும் துடைப்பது, வாரம் ஒரு முறை உள்ளே பாதாம் எண்ணெய். அப்போதெல்லாம் குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டேன். அடுத்த வருடம் வேலை கூடியது. டி குழல் தினமும் கையில் இருந்தது, பி ஃப்ளாட் பெட்டியில் இருந்தது. மூன்று மாதம் தொடவே இல்லை. காற்று வறண்டிருந்த காலம் வேறு. ஒரு நாள் நண்பர்கள் வந்தார்கள், எடுத்து ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் வாசித்தேன்.

மறுநாள் கீழ் நோட்டு வரவில்லை. வந்தால் கூடவே ஒரு இரைச்சல், ஈரத் துணியைக் கிழிப்பது போல. என் உதடுதான் சரியில்லை என்று நினைத்து மூன்று நாள் அதோடு சண்டை போட்டேன். கடைசியில் தலைப்பகுதியை மேசை விளக்கின் கீழே மெல்லச் சுழற்றிப் பார்த்தேன். வாய்த்துளையின் ஓரத்தில் தொடங்கி மூட்டை நோக்கி ஒரு முடி. துடைத்தேன், போகவில்லை. நகத்தால் தடவினேன், நகம் தட்டியது. விரிசல்.

உலோகக் குழாய் சுருங்காது, அதைச் சுற்றியிருக்கும் மரம் சுருங்கும். நடுவில் விட்டுக்கொடுக்க இடம் இல்லை. வறண்ட மரத்துக்குள் இரண்டு மணி நேரம் ஈர மூச்சு போனதும் உள்பக்கம் வீங்குகிறது, வெளிப்பக்கம் வறண்டபடியே இருக்கிறது. பிளக்காமல் என்ன செய்யும்? ஒட்டி, குறுக்கே சின்ன ஊசிகள் இறக்கிச் சரி செய்து கொடுத்தார்கள், இன்றும் வாசிக்கலாம். ஆனால் அதை எடுக்கும்போதெல்லாம் மனசு பதறுகிறது. பதற்றத்தோடு வாசித்தால் வாசிப்பு எங்கே இருக்கும்.

மரம் மோசம் என்று நான் சொல்லவில்லை. தினம் வாசிக்கும் டி குழல் எனக்கு இன்றும் மரம்தான், அது ஒரு நாளும் தொல்லை கொடுத்ததில்லை. தினமும் அதே ஈரம், தினமும் அதே எண்ணெய்க் கை என்று அது ஒரு நிலைக்கு வந்துவிடுகிறது. எப்போதாவது எடுக்கும் குழலுக்கு அந்தப் பழக்கம் அமைவதே இல்லை. நீங்கள் மாதம் இரண்டு தடவை என்று எழுதிய வரியைப் படித்ததும் எனக்கு என் பெட்டிதான் ஞாபகம் வந்தது.


ஆறுதுளை:

அக்கா, இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. நான் நாதம் ஒன்றைத்தான் யோசித்தேன், எத்தனை தடவை வாசிப்பேன் என்பது ஒரு கணக்கு என்றே தோன்றவில்லை.

அப்படியானால் டெல்ரின் என்று முடிவு செய்துவிடலாமா?


ஒலிஅளவை:

கொஞ்சம் பொறுங்கள். மரமா டெல்ரினா என்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: பி ஃப்ளாட் தானா?

தங்கைக்கு ஆறரைக் கட்டை, அதாவது அவருடைய ஸ பி ஃப்ளாட், சுமார் 233 ஹெர்ட்ஸ். பி ஃப்ளாட் குழலில் ஆறு துளையையும் மூடினால் வருவது அதே நோட்டு. அதற்குக் கீழே குழலில் எதுவும் இல்லை. அவர் பாட்டில் ஸ-வுக்குக் கீழே நி, த, ப என்று இறங்கினால் நீங்கள் மேல் ஸ்தாயிக்குத் தாவ வேண்டும் அல்லது நிறுத்த வேண்டும்.

வேறு வழி என்ன? உங்கள் டி குழலில் மேல் மூன்று துளையை மட்டும் மூடினால் ஜி வருகிறது. ஜி-யை ஸ-வாக வைத்து வாசிக்கிறீர்கள் அல்லவா, ஐரிஷ் மெட்டுகளில் பாதி அப்படித்தான். அதே விரலை எஃப் குழலில் வைத்தால் பி ஃப்ளாட் வரும். அதற்குக் கீழே ப வரை இறங்க இடம் இருக்கும். எஃப் குழல் டி-யை விடக் குட்டை, பிடிக்கச் சுலபம். ஒரே குறை, தங்கையின் குரலுக்கு ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும்.

ஈ ஃப்ளாட் குழலிலும் மேல் இரண்டு துளையை மூடினால் பி ஃப்ளாட் வரும். ஆனால் அந்த இடத்தை ஸ-வாக வைத்தால் பெரிய நிஷாதத்துக்கு அரைத்துளை பிடிக்க வேண்டும், டி குழலில் ஜி ஷார்ப் எடுக்கப் படும் அதே பாடு. சாவி இல்லாத குழலில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.


மரத்தூள்:

அருமையான கேள்வி. கட்டை என்று பேசுவதால் இன்னொரு பள்ளமும் இருக்கிறது, புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நம் கர்நாடகக் குழலில் முதல் இரண்டு துளையை மூடினால் வருவது ஸ, அதை வைத்துத்தான் இத்தனை கட்டைக் குழல் என்கிறோம். ஹிந்துஸ்தானி பன்சூரியில் மூன்று துளை. ஐரிஷ் குழலில் ஆறும் மூடினால் வரும் நோட்டுதான் பெயர். போம் என்ற ஜெர்மன் குழல் கைவினைஞர் 1847ல் கொண்டுவந்த உருளைக் குழாய் முறையில் வரும் மேற்கத்திய வெள்ளிக் குழலை சி என்கிறார்கள், ஆனால் அதில் ஆறு விரல் மூடினால் வருவது டி. ஆக "சி குழல்" என்று யாராவது விற்றால் அது உங்கள் டி-யாகவே இருக்கலாம்.

பி ஃப்ளாட்டில் இன்னும் ஆபத்து. அணிவகுப்பு வாத்தியக் குழுக்களில் பி ஃப்ளாட் குழல் என்று ஒன்று உண்டு, அது ஒரு சின்னக் கீச்சுக் குழல். பழைய குழல் விளம்பரத்தில் அந்தப் பெயரைப் பார்த்து வாங்கினால் பெட்டியைத் திறந்ததும் அழுகை வரும். பெயரைக் கேட்காதீர்கள். "ஆறும் மூடினால் எத்தனை ஹெர்ட்ஸ், மொத்த நீளம் எவ்வளவு" என்று கேளுங்கள்.


சாரல்:

மேலே சொன்ன அந்தச் சின்னக் குழலை எனக்குத் தெரிந்த ஒருவர் வாங்கியே விட்டார். நீளம் கேளுங்கள், தயவு செய்து.


ஆறுதுளை:

ஒலிஅளவை அண்ணா, நேற்று இரவு தங்கையோடு உட்கார்ந்து பார்த்தேன். நாங்கள் சேர்ந்து செய்யும் பாடல்கள் பதினொன்று. ஒவ்வொன்றிலும் எது மிகக் கீழ் நோட்டு என்று குறித்தோம். ஸ-வுக்குக் கீழே இறங்குவது மூன்றில்தான். அந்த மூன்றிலும் இறங்கும் இடங்களில் நான் நிறுத்திவிட்டு அவள் மட்டும் பாடுவது நன்றாகவே இருக்கிறது.

எஃப் எப்படி இருக்கும் என்று பார்க்க, டி குழலிலேயே ஜி விரலில் வாசித்து, அவளை ஜி-யில் பாடவைத்துப் பதிவு செய்தேன். சரியாகச் சேர்கிறது, ஆனால் குழல் அவள் தலைக்கு மேலே பறக்கிறது. எனக்கு அவள் குரலுக்குப் பக்கத்திலேயே, அதே உயரத்தில் நடக்க வேண்டும். இவ்வளவு நாள் மனசில் இருந்தது அந்த ஒலிதான் என்று இப்போது தெளிவாகிறது. எனவே பி ஃப்ளாட்டேதான். யோசிக்க வைத்ததற்கு நன்றி, முன்னால் இதைச் சொல்லத் தெரியாமல் இருந்தேன்.


கீழ்ஸ்தாயி:

நல்லது. அப்படியானால் இனி கையைப் பார்ப்போம். பி ஃப்ளாட் வாங்கி விற்றுவிட்டவர்கள் எனக்குத் தெரிந்து நாலு பேர். நாலு பேரும் விற்றதற்குக் காரணம் விரல்.

டி-யிலிருந்து பி ஃப்ளாட் நாலு அரைச்சுரம் கீழே. அப்படியே பெரிதாக்கினால் எல்லா அளவும் 1.26 மடங்கு. என் டி குழலில் வலது கையின் முதல் துளை நடுவிலிருந்து மூன்றாவது துளை நடு வரை 66 மில்லிமீட்டர். அது 83 ஆகிவிடும். உங்கள் குழலை அளந்து பாருங்கள்.

வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். நீளமாக ஒரு காகிதப் பட்டை வெட்டிக்கொள்ளுங்கள். டி குழலில் வாய்த்துளையிலிருந்து ஒவ்வொரு துளைக்கும் உள்ள தூரத்தை அளந்து, 1.26 ஆல் பெருக்கி, பட்டையில் புள்ளி வையுங்கள். குழல் பருமனுக்கு ஒரு பிவிசி பைப் எடுத்து, பட்டையை அதன் மேல் ஒட்டுங்கள். புள்ளி மேல் பழைய பஞ்ச் காகித வட்டமோ சின்ன பிளாஸ்டரோ ஒட்டினால் விரலுக்குத் தட்டும். கண்ணை மூடிக்கொண்டு இருபது நிமிஷம் ஒரு மெட்டை விரலாலேயே வாசியுங்கள், ஊத வேண்டாம். பத்தாவது நிமிஷம் எங்கே வலிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பைப்பில் நீர் ஊற்றி அடைத்தால் எடையும் கொஞ்சம் வரும்.


ஆறுதுளை:

செய்தேன் அக்கா. என் டி-யில் 68, அதனால் 86 வந்தது.

விரல் நுனியால் முடியவே முடியாது. வலது கை மூன்று விரலையும் தட்டையாக நீட்டி, நடுக்கணுப் பகுதியால் மூடினால் வலது கை வந்துவிடுகிறது. ஐரிஷ் பேக்பைப் வாசிப்பவர்கள் பிடிக்கும் பிடி. நான் எதிர்பார்க்காதது இடது கை. இடது மோதிர விரல். அது மூன்றாவது துளையை எட்டும்போது மணிக்கட்டு உள்ளே மடங்குகிறது, எட்டாவது நிமிஷம் முழங்கைக்குக் கீழே ஒரு நரம்பு இழுத்தது. பத்தாவது நிமிஷம் நிறுத்திவிட்டேன்.

இது எனக்கு ஒத்துவராதோ?


கீழ்ஸ்தாயி:

இழுத்ததும் நிறுத்தினீர்களே, அதுதான் சரி. வலியைப் பழகிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

ஆனால் பயப்பட வேண்டாம். நீங்கள் போட்டுப் பார்த்தது மிக மோசமான அளவு. நல்ல கைவினைஞர் யாரும் டி-யை அப்படியே 1.26 மடங்கு ஆக்க மாட்டார். எனக்கும் இடது மோதிர விரல்தான் பிரச்சினை. என் இப்போதைய குழலில் அந்தத் துளை நேர்கோட்டில் இல்லை, பக்கவாட்டில் கொஞ்சம் விலக்கிப் போட்டிருக்கிறார்கள். மணிக்கட்டு நேராகவே இருக்கிறது.


ஒலிஅளவை:

துளை இடம் எப்படி நகர்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன், செய்பவரோடு பேச உதவும்.

ஒரு நோட்டைத் தீர்மானிப்பது துளை இருக்கும் இடம் மட்டும் இல்லை, அதன் விட்டமும் சுவரின் தடிமனும் சேர்ந்துதான். சின்னத் துளை சுருதியை இறக்கும். ஆகவே துளையைச் சிறிதாக்கி, வாய்த்துளைப் பக்கமாக மேலே நகர்த்தினால் அதே நோட்டு வரும். கை நெருங்கும். இதற்கு விலை, ஒலியின் பலம் குறையும், கொஞ்சம் மங்கும். பெரிய துளை, பெரிய உள்குழாய் என்றால் கணீர் என்று இருக்கும், விரல் விரியும், மூச்சும் நிறையப் போகும். 19ஆம் நூற்றாண்டு லண்டன் குழல்களிலேயே இந்த இரண்டு வழியும் உண்டு. ப்ராட்டன் வகை பெரிய துளை, ரூடால் வகை சற்று அடக்கமானது. இன்றைய ஐரிஷ் குழல் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றின் வாரிசு.

உள்குழாய் வாயிலிருந்து கால் நோக்கிக் குறுகிக்கொண்டே போவதும் நமக்குச் சாதகம். அது துளைகளைக் கொஞ்சம் நெருக்குகிறது, இரண்டாம் ஸ்தாயியைச் சுருதியில் நிறுத்துகிறது. உருளைக் குழாயில் செய்த மலிவான தாழ்சுருதிக் குழல்களில் மேல் ஸ்தாயி இறங்கியே நிற்பதைப் பார்த்திருப்பீர்கள்.

தங்கையின் குரலோடு, மைக் இல்லாமல், ஒரு அறைக்குள் வாசிக்கப் போகிறீர்கள். உங்களுக்குப் பலம் தேவையே இல்லை. சின்னத் துளை வகையைக் கேளுங்கள்.


மரத்தூள்:

சின்னத் துளை என்றால் பிறகு ஒருநாள் "கொஞ்சம் பெரிதாக்கிப் பார்ப்போமே" என்று கை அரிக்கும். மூங்கிலில் கம்பியைச் சுட்டுத் துளை போடுவது நமக்குப் பழக்கம். டெல்ரினில் அதைக் கனவிலும் செய்யாதீர்கள். அளவுக்கு மீறிச் சூடானால் ஃபார்மால்டிஹைடு வாயு வரும், கண்ணும் தொண்டையும் எரியும்.

டெல்ரினில் வேறொரு குணம், அதில் பசை ஒட்டாது. மூட்டில் கார்க் ஒட்டினால் கழன்று வரும். மெழுகு தடவிய நூல் சுற்றியதா, ரப்பர் வளையம் போட்டதா என்று கேளுங்கள். நூல் என்றால் நீங்களே ஒரு சுற்று கூட்டலாம், குறைக்கலாம். விளிம்பு உடைந்தால் நிரப்பவும் முடியாது. மரத்தில் விரிசல் விழும், ஆனால் வைத்தியம் உண்டு. டெல்ரினில் விரிசல் விழாது, ஆனால் கீழே போட்டு வாய்த்துளை ஓரம் சிதைந்தால் புதுத் தலைப்பகுதிதான்.


புதுவிரல்:

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். பிளாஸ்டிக் வெயிலில் விரியும், அதனால் சுருதி மாறும் என்று படித்தேன். உண்மையா?


ஒலிஅளவை:

நல்ல சந்தேகம். கணக்குப் போட்டே பார்ப்போம். டெல்ரின் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 110 பங்கு விரியும், மரம் இழையோட்டத்தில் அதில் மிகச் சிறு பகுதிதான் விரியும். 20 டிகிரி ஏறினால் டெல்ரின் குழல் 0.22 சதவீதம் நீளும், சுருதி சுமார் 4 சென்ட் இறங்கும் (ஒரு சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு). அதே 20 டிகிரியில் உள்ளே இருக்கும் காற்று சூடாவதால் சுருதி ஏறுவது டிகிரிக்கு 3 சென்ட், மொத்தம் 60. நம் மூச்சு உள்ளே ஓரளவு சூட்டை நிலைநிறுத்துவதால் நடைமுறையில் இதைவிடக் குறைவாகத்தான் மாறும். ஆனாலும் காற்றுக்கு முன்னால் டெல்ரினின் விரிவு ஒன்றுமே இல்லை. மரம், டெல்ரின் எதுவானாலும் வாசிக்கும் முன் ஊதிச் சூடாக்குங்கள். பி ஃப்ளாட் போன்ற நீளக் குழல் சூடாக அதிக நேரம் எடுக்கும்.


புதுவிரல்:

நன்றி ஐயா. இன்னொன்று. பிளாக்வுட் குழலை வெளிநாட்டுக்கு எடுத்துப் போகத் தாள்கள் வேண்டுமா?


மரத்தூள்:

2017 ஜனவரியில் டால்பெர்ஜியா இனத்தில் அதுவரை பட்டியலில் இல்லாதவற்றையும் அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தார்கள், அப்போது குழல் விற்பவர்களும் அனுப்புபவர்களும் மிகவும் கஷ்டப்பட்டார்கள். 2019 நவம்பரிலிருந்து செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். மரக்கட்டையாக வாங்கினால்தான் தாள் கேட்பார்கள்.

ஒவ்வாமை பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த வகை அடர்மரங்கள் சிலருக்கு உதட்டைச் சுற்றித் தடிப்பு உண்டாக்கும், பழைய குழல்களில் வரும் கோகஸ் மரம் குறிப்பாக. அப்படிப்பட்டவர்களுக்கு டெல்ரின் ஒரு வரம்.


ஆறுதுளை:

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வாரம் கழித்து வருகிறேன்.

டெல்ரினில் செய்பவருக்கு எழுதினேன். மரமா டெல்ரினா என்று ஒரு வரிகூட எழுதவில்லை. பைப்பில் செய்து பார்த்ததை எழுதினேன்: வலது கை 86 வரை முடிகிறது, நடுக்கணுப் பிடி. இடது மோதிர விரல் எட்டவில்லை. அறைக்குள் ஒரு குரலோடு வாசிக்க, பலம் வேண்டாம். ஆறும் மூடினால் 233 ஹெர்ட்ஸ், இதை மட்டும் இரண்டு தடவை எழுதினேன்.

அவர் பதிலில் முதலில் கேட்டது என் இரண்டு கைகளையும் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்பச் சொன்னது. விரலை விரித்து ஒன்று, இயல்பாக வைத்து ஒன்று. அனுப்பினேன். வலது கை வீச்சு 76 மில்லிமீட்டருக்குள் வரும், இடது மூன்றாவது துளையைப் பக்கவாட்டில் விலக்கி வைக்கலாம் என்று ஒரு அளவுத்தாள் அனுப்பியிருக்கிறார். அதைப் பட்டையில் குறித்து மறுபடி பைப்பில் ஒட்டினேன். இருபத்தைந்து நிமிஷம். இழுக்கவில்லை. வலது சுண்டுவிரல் மட்டும் எங்கே போவது என்று தெரியாமல் காற்றில் நிற்கிறது.

செய்யச் சொல்லிவிட்டேன். டெல்ரின், சின்னத் துளை, மூட்டுக்கு நூல்.


கீழ்ஸ்தாயி:

மிகவும் சந்தோஷம் தம்பி. சுண்டுவிரலைக் குழல் மேலேயே லேசாக வையுங்கள், கடைசித் துளைக்குக் கீழே. நீளக் குழலில் அது ஒரு தாங்கல்.

வந்ததும் முதல் வாரம் வேகமாக எதையும் வாசிக்காதீர்கள். இதற்கு வேண்டியது அகலமான, மெதுவான காற்று. டி-க்கு ஊதுவது போல ஊதினால் உடனே மேல் ஸ்தாயிக்கு எகிறும். ஒரு நோட்டு, ஒரு மூச்சு, கீழ் நோட்டிலிருந்து ஒவ்வொன்றாக. டெல்ரின் நீரை உறிஞ்சாது, அதனால் மூச்சின் ஈரம் உள்ளே சொட்டாகத் திரண்டு துளைக்கு வரும். குழலை லேசாகச் சாய்த்து வைத்தால் சொட்டு துளை இல்லாத பக்கமாக ஓடிப்போகும். முடிந்ததும் துணியால் துடைத்தால் போதும், எண்ணெய் வேண்டாம்.


ஆறுதுளை:

குறித்துக்கொண்டேன் அக்கா. பைப்பை இன்னும் கழற்றவில்லை. தங்கை பாடும்போது பக்கத்தில் உட்கார்ந்து அதில் விரல் மட்டும் வைத்து வாசிக்கிறேன். குழல் வருவதற்குள் பதினொரு பாட்டுக்கும் விரல் வந்துவிடும்.